தாம்பரம் பக்கம் வள்ளலார் வழி சன்மார்க்க சங்கம் ஏதாவது இருக்கா?

எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா கருப்புச் சட்டைக்காரர், வீட்ல சாமி படமே கிடையாது, ஆனா எனக்கு ராத்திரி ஒரு விளக்கேத்தி பத்து நிமிஷம் உக்காந்தாதான் தூக்கம் வருது, இத வீட்ல சொன்னா ஒரே கிண்டல், சரின்னு ஒரு பஜனை குரூப்ல சேர்ந்தா அங்க பாட்டு முடிஞ்சதும் அரசியல், அப்புறம் நீங்க என்ன ஆளுங்கன்னு நைசா ஒரு விசாரிப்பு. வெளிய வந்துட்டேன்.

போன தைப்பூசத்துக்கு வடலூர் போனேங்க. 1867ல வள்ளலார் ஏத்தின அடுப்பு இன்னும் எரியுது, தர்மசாலைல பக்கத்துல உக்காந்தவர் என் பேர கூட கேக்கல, சாம்பார் வேணுமான்னுதான் கேட்டார்.

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் வள்ளலாரோட அகவல் பாட்டு படிச்சு அன்னதானம் போடற இடம் தெரிஞ்சா சொல்லுங்க, காய் நறுக்க வரேன். இன்னும் முட்டை சாப்பிடறேன், விடப் பாக்கறேன், அது பிரச்சனையாகுமா?