பில் அச்சிட இருப்பிட அனுமதி எதற்கு என்று பயனர்களுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி – பில்செயலி:
வணக்கம். சிறு கடைகளுக்கான பில் செயலி ஒன்றை ஆண்ட்ராய்டுக்காக உருவாக்கியிருக்கிறோம். புளூடூத் தெர்மல் பிரிண்டரைத் தேடுவதற்கு ஆண்ட்ராய்டு 11 வரையிலான போன்களில் இருப்பிட அனுமதி தேவைப்படுவதால், செயலியைத் திறந்தவுடன் அதைக் கேட்கிறோம். பில் போட நான் இருக்கும் இடம் உங்களுக்கு எதற்கு என்று கடைக்காரர்கள் பலர் மறுத்துவிடுகிறார்கள். விளக்கத்தை எப்படி எழுதுவது, எப்போது காட்டுவது?

பதில் – குறிஞ்சி:
அவர்கள் கேட்பது நியாயம்தான். சுற்றிலும் உள்ள புளூடூத் சாதனங்களைக் கொண்டே ஒருவர் எங்கிருக்கிறார் என்று கணித்துவிட முடியும் என்பதால், 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் கூகுள் இத்தேடலை இருப்பிட அனுமதியோடு பிணைத்துவிட்டது. திறந்தவுடன் கேட்பதைக் கைவிட்டு, 'பிரிண்டரைச் சேர்' என்ற பொத்தானை அழுத்திய பிறகு, அனுமதிப் பெட்டி தோன்றுவதற்கு முன்பாக, உங்கள் சொந்தத் திரையில் இப்படி எழுதலாம்: "அருகிலுள்ள பிரிண்டரைத் தேட, உங்கள் போன் இருப்பிட அனுமதியைக் கேட்கும். பிரிண்டரைத் தேடுவதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்துகிறோம். மறுத்தாலும் பில் போடலாம். அச்சிட மட்டும் இயலாது." இதில் ஒரு சொல்லாவது உங்கள் செயலியைப் பொறுத்தவரை பொய்யென்றால் அதை எழுதாதீர்கள்.

பதில் – நெய்தல்:
ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரே அனுமதியைப் பயனர் இருமுறை மறுத்துவிட்டால் பெட்டி மீண்டும் வராது. போனின் அமைப்புகளுக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும். காரணம் சொல்லாமல் கேட்டு முதல் வாய்ப்பை வீணாக்கக் கூடாது என்பது அதனால்தான்.

பதில் – மருதம்:
விளக்கம் எழுதும் முன், அந்த அனுமதி வேண்டுமா என்றே பாருங்கள். கடைகளில் புழங்கும் பிரிண்டர்கள் பெரும்பாலும் பழைய வகை புளூடூத்தில் இயங்குபவை. போனின் புளூடூத் அமைப்பில் கடைக்காரரே பிரிண்டரை ஒருமுறை இணைத்துவிட்டால், இணைந்த சாதனங்களின் பட்டியலிலிருந்து உங்கள் செயலி அதை எடுத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 11 வரை அதற்கு இருப்பிட அனுமதி தேவையில்லை. செயலிக்குள்ளேயே தேட வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டு 8 முதல் உள்ள கம்பேனியன் டிவைஸ் மேனேஜர் என்ற வசதி வழியாகத் தேடலாம். தேடலைப் போனே செய்து தருவதால் அங்கும் இருப்பிட அனுமதி வேண்டாம்.

ஆண்ட்ராய்டு 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்துவிட்டது. தேடலை இருப்பிடம் அறியப் பயன்படுத்துவதில்லை என்று, செயலிக்குத் தேவையான அனுமதிகளைக் குறிப்பிடும் மேனிஃபெஸ்ட் கோப்பில் அறிவித்துவிட்டு, இருப்பிட அனுமதியைப் பழைய பதிப்புகளுக்கு மட்டும் என வரையறுத்துவிடுங்கள். இந்த அனுமதியையும் பெட்டி காட்டித்தான் பெற வேண்டும் என்பதால், குறிஞ்சி எழுதிய வாசகத்தில் 'இருப்பிட' என்பதை மட்டும் மாற்றி அங்கும் காட்டலாம்.