அப்பாவின் கவுட்டுக்கு 0.25 புள்ளி: இது என்ன கணக்கு?

கொக்கட்டிச்சோலைப் பெடியன்:
அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னும் வயல் செய்கிறார். கவுட் (யூரிக் அசிட் சேர்ந்து மூட்டு வீங்கி நோகிற வருத்தம்) பிடித்துக் கன வருடம். வலது கால் பெருவிரலில் தொடங்கி இப்போது கணுக்காலுக்கும் ஏறிவிட்டது. போன முறை கிளினிக்கில் ஆராய்ச்சி செய்கிற டொக்டர் பிள்ளை ஒருவர் எச்.ஏ.கியூ. என்ற படிவத்தை வாசித்து வாசித்து நிரப்பினார். உடுப்புப் போடுவது, எழும்புவது, நடப்பது என்று 20 கேள்வி. கடைசியில் 0.25 என்று போட்டார். 3க்கு 0.25 என்றால் சுகதேகிதானே!

நோவு பிடித்த நேரத்தில் ஆளைப் பார்க்கவேண்டும். இந்தப் பெரும்போக வெட்டுக்குச் செருப்புப் போட ஏலாமல் சாரத் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு வரம்பு வழியே போனார். போய்ச் சேர முதல் வெட்டு மெசின் பக்கத்து வயலுக்குள் இறங்கிவிட்டது. எங்கள் முறை போச்சு. கிளினிக் போன கிழமை நோவு இல்லை. அதோடு வெள்ளைக்கோட்டைக் கண்டால் அவர் எதற்கும் "பறவாயில்லை"தான் சொல்வார். இந்தப் புள்ளியை நம்பலாமா?

கல்முனை பிசியோ:
தம்பி, அந்த 20 கேள்வியும் 8 பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் ஆகக்கூடிய புள்ளியை எடுத்து, கூட்டி, எட்டால் பிரிப்பார்கள். சிரமமில்லை என்றால் 0, செய்யவே ஏலாது என்றால் 3. நடையில் மட்டும் 2, மற்றதெல்லாம் 0 என்றாலே 0.25 வந்துவிடும். அப்பா பொல்லு ஊன்றுகிறாரா? ஊன்றினால் நடைக்கு 0 அல்லது 1 சொன்னாலும் 2 ஆகும்.

அது ஸ்டான்ஃபோர்டில் மூட்டுவாதக்காரருக்காகச் செய்து 1980இல் வெளியான படிவம். கைப்பிடி, கோப்பை தூக்குவது என்று கை வேலை அதில் நிறைய, கவுட்டோ பெரும்பாலும் காலில். அதைவிடப் பெரிய சங்கதி, அது கேட்பது கடந்த 1 கிழமையைப் பற்றித்தான். கவுட் வந்து, ஒன்றிரண்டு கிழமையில் தணிகிற நோய். இடைவெளியில் பிடித்துக் கேட்டால் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். எஸ்.எஃப்.-36 என்ற உடல்நலப் படிவம் 4 கிழமையைக் கேட்கும், ஆனால் அது எல்லா நோய்க்கும் பொது. கவுட்டுக்கென்றே கவுட் இம்பாக்ட் ஸ்கேல் என்று 24 கேள்வி உண்டு. நோவு நேரத்தில் மனம் எப்படி, அடுத்தது எப்போது வருமோ என்ற கவலை, மருந்தின் பக்கவிளைவு எல்லாம் கேட்கும். 0 முதல் 100, கூடினால் மோசம். உங்கள் வெட்டு மெசின் கதை சேருகிற இடம் அதுதான்.

சம்மாந்துறை நானா:
என்னிடமும் அந்தப் படிவத்தைக் கேட்டார்கள். பாத் டப்பில் இறங்கி ஏற ஏலுமாம்! எங்கட வீட்டில் கிணறு. கார்க் கதவு திறப்பீங்களா என்று வேறு. எனக்குக் கஷ்டம் தொழுகை இருப்பில். வலது காலை நிறுத்தி, பெருவிரலை மடித்து ஊன்றவேண்டும். அந்த விரல்தானே கவுட்டுடைய சொந்த வீடு. மாதக்கணக்கில் கதிரையில் இருந்து தொழுகிறேன். அதை எந்தப் பெட்டியில் கோடு போடுகிறது?

கல்முனை பிசியோ:
நானா, இந்தியாவில் குந்துவதையும் சம்மணம் போடுவதையும் சேர்த்து அந்தப் படிவத்தைத் திருத்தியிருக்கிறார்கள். இங்கே கேட்பவருக்கு நீங்களாகவே சொல்லுங்கள், பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். தம்பி, வீட்டுக் கலண்டரில் அப்பாவுக்கு நோவு பிடித்த நாட்களை வட்டமிட்டு, வயலுக்குப் போகாத நாளுக்குப் புள்ளடி போடுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அதைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

கொக்கட்டிச்சோலைப் பெடியன்:
பொல்லுதான் அக்கா! நடை "கொஞ்சம் சிரமம்" என்றுதான் சொன்னவர். அடுத்த முறை நானும் உள்ளே போகிறேன். யூரிக் அசிட் ரிப்போட் 8.1 என்று கிடக்கிறது, அதைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

கல்முனை பிசியோ:
முதலில் அதைக் காட்டுங்கள். 6க்குக் கீழே நிற்கவேண்டும், கவுட்டால் கட்டி வந்திருந்தால் 5க்குக் கீழே. யூரிக் அசிட்டைக் குறைக்கிற அலோபியூரினோல் மருந்தின் அளவு காணுமா என்று டொக்டரிடமே கேளுங்கள். நோவு பிடித்தவுடன் அந்த மருந்தைத் தானாக நிறுத்துகிறவரா அப்பா? கேட்டுச் சொல்லுங்கள்.