ரோஜர் கேஸ்மென்ட்: சர் பட்டம் குடுத்தவங்களே ஏன் தூக்குல போட்டாங்க?

மலையோரம்:
நமக்க ஜில்லாவுக்கு ரப்பர் எப்படி வந்துச்சுன்னு தேடிட்டு இருந்தப்பம் இவருக்க பேரு கிடைச்சுது. அயர்லாந்துக்காரரு, பிரிட்டிஷ் கான்சல், அதாவது வெளிநாட்டுல பிரிட்டன் அரசாங்கத்துக்க பிரதிநிதி. காங்கோவுலயும் அமேசான்லயும் ரப்பர் எடுத்த ஆளுகளுக்கு நடந்த கொடுமைய நேர்ல போய் பாத்து ரிப்போர்ட் எழுதினதுக்கு 1911-ல சர் பட்டம் குடுத்துருக்காங்க, 1916 ஆகஸ்ட் 3-ம் தேதி அதே அரசாங்கம் லண்டன் பென்டன்வில் ஜெயில்ல தூக்குல போட்டுருக்கு. இடையில என்ன நடந்துச்சு? எனக்க அப்பா குலசேகரத்துல ரப்பர் பால் வெட்டுதவரு, அவருக்கு சொல்லணும், அதனால வெவரமா சொல்லுங்க.

தக்கலை வாசகன்:
1903-ல பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல காங்கோ பத்தி தீர்மானம் போட்டதும் இவரு ஆத்துல உள்ளே போனாரு. அப்பம் காங்கோ பெல்ஜியம் ராஜா லியோபோல்டுக்க சொந்த சொத்து மாதிரி. அரசாங்க படகுல போனா அவங்க காட்டுததத்தான் பாக்க முடியும்னு மிஷனரிமாருக்க ஸ்டீமர வாடகைக்கு எடுத்தாரு, ஊரு ஊரா எறங்கி ஆளுகள்ட்ட கேட்டு கேட்டு எழுதினாரு. கொண்டு வந்த ரப்பர் எடை கொறஞ்சா சாட்டையடி, வீட்டுப் பொம்பளைகள பணயமா பிடிச்சு வைக்குதது, கைய வெட்டுதது எல்லாம் அந்த ரிப்போர்ட்ல இருக்கு. 1904-ல வெளியிட்டப்பம் வெளியுறவு ஆபீஸ் பேருகள எடுத்துட்டு வெறும் எழுத்த போட்டுட்டு, அதுக்கு இவருக்கு கடுமையான கோவம். 1908-ல லியோபோல்டு கையில இருந்து காங்கோ போச்சுன்னா அதுல இந்த ரிப்போர்ட்டுக்கு பெரிய பங்கு உண்டு.
1910-ல பெரு நாட்டு புட்டுமாயோ. அங்க ரப்பர் எடுத்த கம்பெனி லண்டன்ல பதிவான கம்பெனி, கங்காணிமாருல பார்படோஸ்காரங்க இருந்தாங்க, அவங்க பிரிட்டிஷ் பிரஜைகள், அதனாலதான் இவரால உள்ள போய் விசாரிக்க முடிஞ்சுது. அவங்ககிட்ட ஒவ்வொருத்தரா வாக்குமூலம் வாங்கினாரு.

கீரிப்பாறை:
அப்பாகிட்ட இத சொல்லுங்க தம்பி. நாம இருட்டோட ஹெட்லைட் கட்டிட்டு போய் பட்டைய சீவுதோம், சிரட்டையில பால் வடியுது, ஆசிட் ஊத்தி உறைய வச்சு ஷீட் அடிக்கோம். காங்கோவுல தோட்டமே கிடையாது, காட்டுக்கொடி. மரத்துல ஏறி கொடிய வெட்டி, வடியுத பால மேலுல தேச்சு உறைய வச்சு, பெறவு மயிரோட சேத்து பிய்ச்சு எடுப்பாங்களாம். பக்கத்துக் கொடி தீந்தா இன்னும் தூரம் போவணும், ஆனா குடுக்க வேண்டிய எடை கொறையாது. எங்க பக்கம் கூலிக்கு சண்டை போட்டு யூனியன் வச்ச ஆளுகளுக்கு இது வாசிச்சா சோறு எறங்காது.

நாகர்கோவில் ராஜா:
அதெல்லாம் சரி, ஆனா முதல் உலக யுத்தம் நடக்குத நேரத்துல எதிரி நாடு ஜெர்மனிக்கு போய், அங்க பிடிபட்ட பிரிட்டிஷ் ராணுவத்து ஐரிஷ் சிப்பாய்கள சேத்து பிரிட்டனுக்கு எதிரா படை கட்டப் பாத்துருக்காரு. எந்த நாடும் இத விடாது. பென்ஷன் வாங்கின அதிகாரி வேற.

தக்கலை வாசகன்:
சட்டப்படி நீங்க சொல்லுதது சரி, 1351-ம் வருசத்து ராஜத்துரோக சட்டத்துலதான் தண்டனை. ஆனா ஒண்ணு யோசிங்க அண்ணாச்சி. கேஸ்மென்ட் பெர்லினுக்கு போனது 1914 அக்டோபர் கடைசி. அதே மாசம் அதே ஊருக்கு வந்தவருதான் நமக்க செண்பகராமன் பிள்ளை, நாஞ்சில்நாட்டு குடும்பம், இந்திய விடுதலைக்கு ஜெர்மன்காரன் உதவிய கேட்டாரு. அவர நாம துரோகின்னா சொல்லுதோம்? அடுத்தவனுக்கு கீழ உள்ள நாட்டுல பெறந்தவனுக்கு விசுவாசம் யாருக்குன்னு கேட்டுத்தானே ஆவணும். காங்கோ காட்டுக்குள்ளதான் நான் ஐரிஷ்காரன்னு எனக்கே தெரிஞ்சுதுங்கிற மாதிரி அவரே ஒரு கடிதத்துல எழுதிருக்காரு. கான்சல் வேற, கலகக்காரன் வேற இல்ல, ரெண்டும் ஒரே ஆளு. அந்தப் படையில சேந்தது அம்பது பேரு சொச்சம்தான், திட்டம் தோத்துப் போச்சு. 1916 ஏப்ரல் 21 ஜெர்மன் சப்மரின்ல வந்து அயர்லாந்து கெர்ரி கடற்கரையில எறங்கின அன்னைக்கே பிடிச்சுட்டாங்க.
எனக்கு பொறுக்காதது டைரி விசயம்தான். கருணை காட்டணும்னு பெரிய பெரிய ஆளுக எல்லாம் கையெழுத்து போட்டுட்டு இருந்தப்பம், அவரு ஆம்பளைகளோட உறவு வச்சத எழுதின டைரி பக்கங்கள ரகசியமா சுத்துல விட்டு வாய அடைச்சுட்டாங்க. டைரி அவருதுதான்னு 2002-ல கையெழுத்து சோதனை பண்ணி சொன்னாங்க. அதனால அரசாங்கம் பண்ணுனது நியாயம் ஆவுமா? உடம்ப அயர்லாந்துக்கு குடுத்ததே 1965-லதான்.

மலையோரம்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. செண்பகராமன் பிள்ளை விசயம் இப்பம்தான் கேக்குதேன். கான்சல் வேலைய எப்பம் விட்டாரு?

தக்கலை வாசகன்:
1913-ல மக்கா. அதே வருசம் ஐரிஷ் தொண்டர் படை தொடங்குச்சு, இவரு நேரா அதுல போயிட்டாரு. 1904 ரிப்போர்ட்ட மொதல்ல வாசி, பெறவு கோர்ட்ல தண்டனைக்கு முன்ன அவரு பேசினத வாசி.