ஒரு ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்

குழுவிலுள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

அவசரகாலத்துக்கு என்னென்ன வாங்கி வைக்கலாம் என்று போன வாரம் பலரும் பட்டியல் போட்டிருந்தீர்கள். நல்ல பட்டியல்தான். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு விடுமுறை நாள் மாலை ஆறு மணிக்கு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தண்ணீர்க் குழாயையும் திறக்க வேண்டாம். மறுநாள் காலை வரை அப்படியே இருந்து பாருங்கள். மூச்சுக்கருவி போல மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி இருக்கிற வீட்டில் மட்டும் இதைச் செய்யவே கூடாது.

நாங்கள் செய்து பார்த்தோம். முதல் ஐந்து நிமிடத்திலேயே டார்ச் எரியவில்லை. மூடியைத் திருகித் திறந்தால் பேட்டரியின் முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஸ்பிரிங் அரித்துப்போய், விரல் பட்டதும் ஒடிந்து விழுந்தது. வாங்கிய நாளிலிருந்து பேட்டரியை உள்ளேயே போட்டு வைத்ததால் வந்த வினை. இப்போது பேட்டரியைத் தனி உறையில் போட்டு, புது டார்ச்சோடு ரப்பர் பேண்ட் சுற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம். மகள் மெழுகுவத்தி எடுக்கப் போனாள். அவளுடைய அம்மா விடவில்லை. ஆட்கள் தட்டுத் தடுமாறி நடக்கிற வீட்டில் திறந்த நெருப்பு வேண்டாம் என்றார், அதுதான் சரி.

அடுத்தது தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. பாதி குடிக்க, மீதி சமைக்கவும் கை கழுவவும். நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். எங்கள் வீட்டில் அன்றைக்கு இருந்தது இரண்டு பாட்டில். சேமித்தது தீர்ந்து, சந்தேகமான தண்ணீர்தான் கிடைக்கிறது என்றால், நன்றாகத் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு 1 நிமிடம் விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் 3 நிமிடம். கொதிக்க வைக்க வழியில்லாவிட்டால் வீட்டு உபயோக பிளீச் (துணி வெளுக்கும் திரவம்) கை கொடுக்கும். மணமோ சோப்போ சேராததாக, கிருமியைக் கொல்லும் பொருளான சோடியம் ஹைப்போகுளோரைட் 5 முதல் 9 சதவீதம் உள்ளதாக இருக்க வேண்டும். முதலில் துணியில் வடிகட்டுங்கள். லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கல் போகாவிட்டால் 4 சொட்டு. கலக்கி 30 நிமிடம் வைத்த பிறகு குடிக்கலாம். கிருமிக்குத்தான் இந்த வைத்தியம் எல்லாம். எரிபொருளோ ரசாயனமோ கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் குடிக்கக் கூடாது.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் உள்ளே இருப்பது சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்திருக்கும் ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். எங்கள் மகன் பழக்க தோஷத்தில் திறந்து திறந்து பார்த்தான். கடைசியில் கதவில் ஒரு தாளை ஒட்டி வைத்தோம்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து நின்று படியுங்கள். மின்சாரம் போன வீட்டில் இருட்டைவிடப் பெரிய ஆபத்து, கரியோ பெட்ரோலோ எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவருவது, ஜெனரேட்டரை வராந்தாவில் ஓட விடுவது, மூடிய ஷெட்டுக்குள் காரை ஓடவிட்டு போன் சார்ஜ் போடுவது எல்லாமே உயிரை எடுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோமே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம், அது போதாது. ஜெனரேட்டர் வெளியில், கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்றால் காரணத்தை அங்கேயே உட்கார்ந்து யோசிக்காதீர்கள். எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தூங்குகிறவர்களுக்கு அறிகுறியே தெரியாமல் போய்விடும். அதனால், ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத்தான் நான் வாங்கச் சொல்வேன்.

அன்றைக்கு மனதை மிகவும் உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். இரவு பத்து மணி இருக்கும். போன்களை அணைத்துவிட்டு, அப்பா எண்ணைச் சொல்லு என்று மகனிடம் கேட்டேன். நாலு இலக்கம் சொல்லிவிட்டு விழித்தான். சரி, அம்மா எண்? தெரியவில்லை. எனக்கே என் மனைவியின் எண் முழுதாக வரவில்லை. அன்றிரவே டார்ச் வெளிச்சத்தில் நாலு அட்டை எழுதினோம். எங்கள் எண்கள், முகவரி, சாப்பிடும் மருந்தின் பெயரும் அளவும், ஒவ்வாமை, வீட்டுக்குப் போக முடியாவிட்டால் எங்கே சந்திப்பது. பென்சிலால் எழுதினோம், சில பேனா மை நனைந்தால் கரைந்துவிடும்.

அட்டையின் கடைசி வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதற்காகத்தான் இந்த மடல். பேரிடர் நேரத்தில் ஒரே இடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் போன் செய்வதால் இணைப்பு திணறும். பக்கத்துத் தெருவுக்குப் போகாத அழைப்பு வெளியூருக்குப் போய்விடுவதும் உண்டு. அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி எப்படியாவது போய்ச் சேர வாய்ப்பு அதிகம். அதனால் தொலைவில் இருக்கும் ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, குடும்பத்தில் ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அவருக்கே ‘நலம், இன்ன இடத்தில் இருக்கிறேன்’ என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். ஒருவர் சொல்வதை அவர் மற்றவருக்குச் சேர்ப்பார். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் உள்ளூர் அவசர எண்ணைத்தான் கூப்பிட வேண்டும், அதுவும் அட்டையில் இருக்கட்டும்.

நம்மைப் போல நாலு திசையில் சிதறியிருப்பவர்களுக்கு இது கடவுள் கொடுத்த வசதி. ஓரிடத்தில் வெள்ளம் என்றால் இன்னோரிடத்தில் வெயில் அடிக்கும். ஒருவர் தூங்கும் நேரத்தில் இன்னொருவர் விழித்திருப்பார். இரண்டிரண்டு குடும்பமாக ஜோடி சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். விருப்பமுள்ளவர்கள், நீங்கள் இருக்கும் நாட்டையும் பொதுவாக விழித்திருக்கும் நேரத்தையும் எனக்குத் தனிமடலில் எழுதுங்கள். போன் எண்ணைக் குழுவில் போட வேண்டாம். ஜோடி சேர்ந்த பிறகு நீங்களே பரிமாறிக்கொண்டு, அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களின் பெயர்களை முதலில் சேர்க்கிறேன்.