பாயிண்ட் வந்தாலே நின்றுவிடும் டெரியர் எஞ்சின்: என்ன செய்யலாம்?

கரிப்புகை: வணக்கம். ஓஓ கேஜ் மாடல் ரயிலுக்குச் சின்ன லேஅவுட் (தண்டவாள அமைப்பு) போட்டிருக்கிறேன், சாதாரண 12 வோல்ட் டிசி கண்ட்ரோலர். இங்கிலாந்தின் ஹேலிங் தீவுக் கிளைப்பாதை மாதிரி கட்டியது என்பதால், அங்கே ஓடிய குட்டி நீராவி எஞ்சின் டெரியர்தான் ஓட வேண்டும். அது மெதுவாகப் போனால் பாயிண்ட் (தடம் பிரியும் இடம்) நடுவில் நின்றுவிடுகிறது. விரலால் லேசாகத் தள்ளினால் கிளம்பும். அதே பாயிண்டில் என் பெரிய எஞ்சின் மல்லார்ட் ஜம்மென்று போகிறது. வேகம் கூட்டினால் டெரியரும் தாண்டிவிடும், ஆனால் 1938இல் மணிக்கு 126 மைல் தொட்ட மல்லார்டைப் போல இந்தக் குட்டியை விரட்டினால் பார்க்கச் சகிக்கவில்லை. தண்டவாளத்தைத் துடைத்தாயிற்று. மோட்டார் போய்விட்டதா?

சிக்னல்கை: உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேயுங்கள், சரியாகிவிடும்.

பழையபாய்லர்: உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறலில்தான் அழுக்கு போய் உட்காரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

தள்ளினால் கிளம்புகிறது என்றால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, கரண்ட்தான் போய்ச் சேரவில்லை. பாயிண்டில் இரண்டு தண்டவாளமும் குறுக்கிடும் ஃப்ராக் உங்களுடையதில் பிளாஸ்டிக்கா? அப்படியானால் அந்த இடத்தில் கரண்ட் கிடையாது. மல்லார்ட் நீளமான எஞ்சின், பல மாடல்களில் டெண்டர் (பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டி) சக்கரங்களும் கரண்ட் எடுக்கும். டெரியருக்கு டெண்டரே இல்லை. நிஜத்தில் முதல் சக்கரத்துக்கும் கடைசிச் சக்கரத்துக்கும் நடுவே 12 அடி, அடிக்கு 4 மி.மீ. கணக்கில் மாடலில் வெறும் 48 மி.மீ. ஒரு சக்கரம் பிளாஸ்டிக்கில் ஏறி, பக்கத்துச் சக்கரமும் சரியாகத் தொடாவிட்டால் அவ்வளவுதான்.

இன்னொன்று, எடை. ஸ்ட்ரௌட்லி வடிவமைத்து 1872இல் வந்த எஞ்சின் இது. ஹேலிங் பாதையில் இருந்த லாங்ஸ்டன் மரப்பாலம் கனமான எஞ்சினைத் தாங்காது என்பதால் 1963இல் பாதையை மூடும்வரை அங்கே இதை விட்டால் வேறு நாதியில்லை. லேசாக இருந்ததுதான் அதற்கு அத்தனை காலம் சோறு போட்டது; மாடலில் அதுவே தொல்லை, சக்கரம் தண்டவாளத்தில் நன்றாக அழுந்தாது.

எஞ்சினைத் துணிமேல் தலைகீழாகப் படுக்கவைத்து, கண்ட்ரோலரின் இரண்டு ஒயரையும் ஒவ்வொரு ஜோடிச் சக்கரமாகத் தொட்டுப் பாருங்கள். எந்த ஜோடியில் மோட்டார் சுற்றவில்லையோ அங்கேதான் கோளாறு.

கரிப்புகை: பார்த்தேன் சார். நடு ஜோடியில் அசைவே இல்லை. கரண்ட் எடுக்கும் பித்தளை பிக்கப் தகடு சக்கரத்தைத் தொடாமல் தலைமுடி அளவு தள்ளி நின்றது. சக்கர விளிம்பில் தார் மாதிரி கறுப்பு வளையம் வேறு. துடைத்துவிட்டு, தகட்டை இடுக்கியால் மெல்ல வளைத்தேன். இப்போது நேர்வழியில் ஊர்ந்தே போகிறது. வளைவுப் பக்கம் திரும்பும்போது மட்டும் சில சமயம் திக்குகிறது.

பழையபாய்லர்: பக்கத் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இடமிருந்தால் இரண்டு பக்கமும் சம அளவில் ஈயத்துண்டு ஒட்டுங்கள். தொட்ட பிறகு கையைக் கழுவிவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அந்த ஒரு பாயிண்டை மட்டும் உலோக ஃப்ராக் உள்ளதாக மாற்றலாம். அப்போது ஃப்ராக்கிலிருந்து கிளம்பும் உள்பக்கத் தண்டவாளம் இரண்டிலும் பிளாஸ்டிக் ஜாயினர் (தண்டவாள இணைப்பு) போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும்.

கரிப்புகை: முதலில் ஈயம். நன்றி சார்.