வயசான நாய்க்கு மூட்டு வலி, மருந்து டிரையல்ல சேக்கலாமா?

தண்டையார்பேட்டை ராஜி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க மணிக்கு 11 வயசு ஆகுது, நாட்டு நாய்தான், குட்டியா இருக்கும்போது காசிமேடு மீன் மார்க்கெட் கிட்டருந்து எங்க வீட்டுக்காரர் தூக்கிட்டு வந்தாரு. இப்போ பின்னங்கால் ரெண்டும் சரியா வரல, காலைல எழுந்திருக்கவே ரொம்ப நேரம் ஆகுது, நாங்க ஹவுசிங் போர்டுல ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, பாதி படில நின்னுட்டு என் மூஞ்சியவே பாக்குறான். எக்ஸ்ரே எடுத்து மூட்டு தேய்மானம்னு சொல்லிட்டாங்க. நாங்க காட்டுற டாக்டர், மூட்டு வலிக்கு ஒரு மருந்து டெஸ்ட் பண்றாங்க, செலவு இல்ல, சேக்குறீங்களான்னு கேக்குறாரு. ஆனா பாதி நாய்க்கு மருந்து, பாதிக்கு டம்மி மாத்திரையாம், எதுக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதாம். ராத்திரி தூக்கமே வரல. டம்மி வந்துட்டா அவ்ளோ நாளும் வலியோட கெடப்பானே? வாயில்லா ஜீவனுக்கு நாம சரின்னு சொல்றது நியாயமா?

வியாசர்பாடி சுரேஷ்:
சேக்காதீங்க அக்கா. 11 வருஷம் புள்ள மாதிரி வளத்துட்டு கடைசி காலத்துல சோதனைக்கு விடறதுக்கு மனசு வருமா? கால் வலிக்கு மெடிக்கல்ல டைக்ளோ மாத்திரை கேட்டு வாங்கி பாதி குடுங்க, எங்க தெருவுல அப்டிதான் பண்றாங்க.

பெரம்பூர் வெட்:
சுரேஷ் தம்பி, உங்க பாசம் புரியுது, ஆனா டைக்ளோ மட்டும் யாரும் குடுத்துடாதீங்க. நாய்க்கு அது வயித்துல புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், கிட்னியையும் கெடுக்கும். மாட்டுக்கு போட்டு, அந்த மாடு செத்து, அத தின்ன பிணந்தின்னிக் கழுகுங்க கூட்டம் கூட்டமா செத்துதான் 2006ல அத கால்நடைக்கு குடுக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல நிறுத்துனாங்க.

ராஜி அக்கா, டம்மி எதுக்குன்னு சொல்றேன். மூட்டு வலி ஒரே மாதிரி இருக்காது, நாலு நாள் படுத்துக்கும், நாலு நாள் தானா நல்லா நடக்கும். மோசமா இருக்கும்போதுதான் நாம டாக்டர்கிட்ட போவோம், அதனால எத குடுத்தாலும் அடுத்த வாரம் தேவலன்னு தோணும். 2012ல அமெரிக்கால ஒரு ஆய்வு வந்துச்சு, டம்மி மட்டும் சாப்பிட்ட நொண்டுற நாய்ங்கள, தரைல பதிச்ச பலகை மேல நடக்க விட்டு எந்த கால்ல எவ்ளோ பாரம் வைக்குதுன்னு மெஷின்ல அளந்தாங்க. மெஷின்ல முன்னேற்றமே இல்லாத நாய்ங்கள்லயே நெறைய நாய, வளக்குறவங்களும் நல்லாயிடுச்சுன்னாங்க, பாத்த டாக்டருங்களும் அதே சொன்னாங்க. யாரும் பொய் சொல்லல. பாசம் உள்ள கண்ணுக்கு அப்டித்தான் தெரியும். அதனாலதான் யாருக்குமே தெரியாம வச்சு பாக்குறாங்க.

ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இத கேளுங்க. வலி தாங்கலன்னா நடுவுல வேற வலி மருந்து குடுப்பாங்களா (இதுக்கு இல்லன்னா சேக்கவே வேணாம்), எப்ப வேணா வெளிய வரலாமா, முன்னாடியும் நடுவுலயும் கிட்னிக்கும் லிவருக்கும் ரத்த டெஸ்ட் உண்டா, ஏதாவது ஆச்சுன்னா செலவு யாரு பாப்பாங்க. எழுத்துல வாங்குங்க. இப்ப ஏதாவது ஸ்டீராய்டு ஓடுதுன்னா மறைக்காம சொல்லிடுங்க, ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேந்தா வயிறு ஓட்டையாகக்கூட வாய்ப்பிருக்கு. சாப்பாடு வேணாங்குறான், வாந்தி, மலம் கருப்பா போகுதுன்னா அன்னிக்கே மாத்திரைய நிறுத்திட்டு தூக்கிட்டு ஓடுங்க.

ராயபுரம் பூனைக்காரி:
பூனை வச்சிருக்கறவங்களும் இத படிங்க ப்ளீஸ். எங்க பக்கத்து வீட்ல பூனைக்கு ஜொரம்னு அரை பாராசிட்டமால் குடுத்தாங்க, மொகம் வீங்கி, ஈறு பழுப்பாகி, விடியறதுக்குள்ள போயிடுச்சு. பூனை லிவரால அத முறிக்க முடியாதுன்னு அப்புறம்தான் எங்களுக்கு தெரிஞ்சுது. மனுஷனுக்கு சரியானது நாய்க்கு சரியில்ல, நாய்க்கு சரியானது பூனைக்கு சரியில்ல, அப்ப அந்தந்த ஜீவன்லயே பாத்தாதானே தெரியும்? எஃப்ஐபின்னு பூனைங்களுக்கு வர்ற ஒரு வைரஸ் நோய், அது வந்தா பூனை பொழைக்காதுன்னுதான் ரொம்ப காலம் சொல்லிட்டிருந்தாங்க. 2019ல கலிஃபோர்னியால அந்த நோய் வந்த 31 பூனைக்கு ஜிஎஸ்னு ஒரு வைரஸ் எதிர்ப்பு மருந்து குடுத்து பாத்தாங்க, முழுசா மருந்து முடிச்சது 26. அந்த 31 வீட்லயும் யாரோ ஒருத்தர் சரின்னு சொன்னதாலதான் எங்க சின்னுவுக்கும் அந்த மருந்து கெடச்சுது, இப்ப பீரோ மேல ஏறி உக்காந்துருக்கா.

அக்கா, ஒரு விஷயம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மணி படி ஏறுறத வீடியோ எடுத்து வச்சிடுங்க, ஒவ்வொரு வாரமும் அதே படி, அதே நேரம். நம்ம ஞாபகத்த நம்ப முடியாது.

தண்டையார்பேட்டை ராஜி:
எல்லாருக்கும் நன்றிங்க. சுரேஷ் தம்பி, உன் மேல கோவம் இல்லப்பா, எனக்கும் அதே பயம்தான். டாக்டர்கிட்ட ஃபோன்ல கேட்டுட்டேன், வலி அதிகமானா வேற மருந்து உண்டு, எப்ப வேணா நிறுத்திக்கலாம்னாரு, ரத்த டெஸ்டும் இருக்காம். செலவு பத்தி மட்டும் கேட்டு சொல்றேன்னாரு, அது எழுத்துல வந்தப்புறம்தான் கையெழுத்து. இன்னிக்கு காலைல வீடியோ எடுத்துட்டேன். 14 படிக்கு 3 தடவ நின்னான்.