பின்னலாடைக் கூடத்துக்கு நார்த் லைட் கூரை பொருந்துமா? பகல் வெளிச்சமும் மழைநீர் வடிகாலும்

கேள்வி: அவிநாசியிலிருந்து

வணக்கம். அவிநாசிக்கு அருகே பின்னலாடைத் தையல் கூடம் ஒன்று கட்ட இருக்கிறோம். கூடம் கிழக்கு மேற்காக 60 மீட்டர் நீளமும் தெற்கு வடக்காக 36 மீட்டர் அகலமும் கொண்டது. துணி வெட்டுதல், தைத்தல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் அனைத்தும் ஒரே கூரையின் கீழ் நடைபெறும்.

இப்போது வாடகைக்கு இருக்கும் ஷெட்டில் தகரக் கூரைக்கு நடுநடுவே ஒளி புகும் பிளாஸ்டிக் ஷீட்டுகளைப் பதித்திருக்கிறார்கள். காலை பத்து மணிக்கு மேல் அவற்றின் நேர் கீழே அமர்ந்து தைப்பவர்கள் வெக்கையாலும் கண்கூச்சத்தாலும் அவதிப்படுகிறார்கள். இரண்டு வரிசை தள்ளி இருப்பவர்களுக்கோ பட்டப்பகலிலும் டியூப் லைட் வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் அதே ஷீட்டுகளின் ஓரமாகத்தான் தண்ணீர் ஒழுகி, வெட்டி அடுக்கிய துணியை நனைக்கிறது.

புதிய கூடத்துக்குக் கூரைப்பணி ஒப்பந்தக்காரர் ஒருவர், நடுவில் முகடு வைத்து இருபுறமும் சரியும் சாதாரணக் கூரையில் ஒளி ஷீட்டுகளைக் கூடுதலாகப் போட்டாலே போதும் என்கிறார். வேறொருவர் பழைய நூற்பாலைகளைப் போல ரம்பப்பல் வடிவில், ஒவ்வொரு பல்லின் வடக்குப் பக்கத்திலும் கண்ணாடி வைத்த நார்த் லைட் கூரை போடச் சொல்கிறார். அந்தக் கூரை என்றாலே நடுக் கட்டர்கள் (பற்களுக்கு இடையே மழைநீர் ஓடும் வாய்க்கால்கள்) ஒழுகும் என்று தொழிலில் மூத்தவர்கள் அஞ்சுகிறார்கள். வெளிச்சம், வெக்கை, வடிகால் ஆகிய மூன்றையும் சேர்த்து எடைபோட்டு எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: கட்டடக்கலைஞர், கோயம்புத்தூர்

உங்கள் மனையின் அமைப்பு நார்த் லைட் கூரைக்கு நன்றாகவே இடம் தருகிறது. ஆனால் அதை அப்படியே பழைய ஆலைகளிலிருந்து நகலெடுக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வடிவம் இங்கிலாந்தின் பஞ்சாலைகள் வழியாக நமக்கு வந்தது. மான்செஸ்டர் ஏறத்தாழ 53.5 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானத்திலேயே நிற்பதால், வடக்கு பார்த்த கண்ணாடியில் கோடைக்கால அதிகாலையிலும் அந்தியிலும் தவிர நேர் வெயில் விழுவதில்லை. அவிநாசி இருப்பதோ 11 பாகைக்குச் சற்று மேலே. ஏப்ரல் 20 அளவில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் 23 அளவில்தான் திரும்புகிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களும் நண்பகல் வெயில் வடக்கிலிருந்தே வருகிறது. ஜூன் 21 அன்று சூரியன் வடக்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 78 பாகை உயரத்தில் இருக்கும். எனவே நம் ஊரில் கண்ணாடியை வடக்கு நோக்கி வைத்தால் மட்டும் போதாது. அதைச் சாய்க்காமல் செங்குத்தாக நிறுத்தி, மேலே கூரையை வெளியே நீட்டியாக வேண்டும்.

எவ்வளவு நீட்டுவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஜூன் 21 அன்று நண்பகல் வெயிலை மட்டும் தடுப்பதென்றால் 1.5 மீட்டர் உயரக் கண்ணாடிக்கு 33 செ.மீ. நீட்டல் போதும். காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை தடுக்க வேண்டுமென்றால் 56 செ.மீ. தேவைப்படும், ஆகவே 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதுக்கு முன்பும் மூன்றுக்குப் பின்பும் பக்கவாட்டில் வரும் தாழ்ந்த வெயிலுக்குக் கண்ணாடியின் குறுக்கே ஒரு மீட்டருக்கு ஒன்றாகச் செங்குத்துத் தடுப்புப் பட்டைகள் வைக்கலாம், அல்லது ஒளியைப் பரப்பும் பால்நிறத் தகடுகளைப் பொருத்தலாம். இந்த நீட்டலைச் செலவைக் குறைப்பதற்காக விட்டுவிட்டால், சித்திரை முதல் ஆவணி வரை வெட்டும் மேசையில் வெயில் பட்டை பட்டையாக விழும்.

அளவுகளைப் பார்ப்போம். 36 மீட்டர் அகலத்தை 9 மீட்டர் வீதம் நான்கு பற்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முதுகையும் 11 பாகை சரிவில் தெற்கே இறக்கினால், பல்லின் உயரம் 1.75 மீட்டர் கிடைக்கும். கட்டருக்கும் சட்டத்துக்கும் போக ஏறத்தாழ 1.5 மீட்டர் கண்ணாடி நிற்கும். நான்கு பற்களின் கண்ணாடியும் சேர்ந்தால் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு.

படுக்கை ஒளி ஷீட்டுகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2160 சதுர மீட்டர் கூரையில் ஐந்து விழுக்காடு ஒளி ஷீட் என்றால் 108 சதுர மீட்டர். உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு 1000 வாட் அளவில் விழுவதில் பாதி உள்ளே புகுந்தாலும் 54 கிலோவாட் வெப்பம் வருகிறது. பதினைந்து டன் ஏ.சி. இழுத்து வெளியேற்ற வேண்டிய சுமை அது. வெளிச்சமும் ஷீட்டின் கீழே கொட்டி, பக்கத்தில் வற்றிவிடும். வடக்கு வானத்தின் பரவிய ஒளி அந்த அளவுக்கு மிகுதியாக இராது. என் தோராயக் கணக்கில் தெளிந்த பகலில் கூடம் முழுவதும் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் சீராகக் கிடைக்கும். தையலுக்கு ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 12464 கேட்பது 750 லக்ஸ். மீதத்தை ஊசிமுனைக்கு அருகே இயந்திரத்திலேயே பொருத்தும் சிறு எல்.இ.டி. விளக்கு தந்துவிடும். நிறப் பொருத்தம் பார்க்க லைட் பாக்ஸ் (மாறாத விளக்கொளி தரும் பெட்டி) எப்போதும் வேண்டும். பகல் ஒளி மணிக்கு மணி மாறுவதால் அதை நம்பி ஷேடு முடிவு செய்ய வேண்டாம்.

மறுமொழி: கூரைப்பணி ஒப்பந்தக்காரர், ஈரோடு

வெளிச்சத்தைப் பற்றி மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். ஆனால் கூரை என்பது முதலில் தண்ணீருக்கு வழி சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டடத்துக்குள் ஒரு கட்டர்கூட இல்லாத கூரையே சிறந்த கூரை. இருபுறம் சரியும் கூரையில் கட்டர் சுவருக்கு வெளியே தொங்குவதால், அடைத்துக்கொண்டு வழிந்தாலும் தண்ணீர் முற்றத்தில்தான் விழும். நார்த் லைட் கூரையில் நான்கு பற்களுக்கு நடுவே மூன்று கட்டர்கள் கூடத்தின் உள்ளேயே ஓடுகின்றன. அவற்றில் ஒன்று வழிந்தாலும் தண்ணீர் துணியின் மீதுதான் விழும். எனவே முகட்டில் ஓர் ஒளிமாடத்தை எழுப்பி, அதன் வடக்குப் பக்கத்தில் கண்ணாடி வைக்கும் வழியையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியும் நார்த் லைட்தான் என்று முடிவு செய்தால், கட்டரின் கணக்கை உங்கள் முன்னிலையிலேயே போடச் சொல்லுங்கள். ஒரு கட்டருக்கு 9 மீட்டர் அகலச் சரிவிலிருந்து தண்ணீர் வருகிறது. எதிரே உள்ள கண்ணாடியில் காற்றோடு மோதி இறங்கும் மழையையும் சேர்த்து 10 மீட்டர் என்று கொள்ளுங்கள். 60 மீட்டர் நீளத்துக்கு 600 சதுர மீட்டர். நம் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை குறைவுதான் என்றாலும், கோடை இடிமழையும் வடகிழக்குப் பருவமழையும் கால் மணி நேரத்தில் கொட்டித் தீர்ப்பவை. ஆகவே ஆண்டுச் சராசரியைப் பார்க்காமல், மணிக்கு 150 மி.மீ. என்ற வேகத்துக்குக் கணக்கிட வேண்டும். அந்த வேகத்தில் ஒரு கட்டரில் நொடிக்கு 25 லிட்டர் சேரும்.

நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் மழைநீர்க் குழாய் அட்டவணையின்படி, 150 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாய் இந்த வேகத்தில் 83 சதுர மீட்டர் கூரையைத்தான் தாங்கும். அப்படியானால் ஒரு கட்டருக்கு எட்டுக் குழாய்கள் தேவை. மூன்று கட்டர்களுக்கும் சேர்த்து இருபத்துநான்கு குழாய்கள் தூண்களை ஒட்டித் தையல் வரிசைகளுக்கு நடுவே இறங்கும். பல ஷெட்டுகளில் செலவுக்கு அஞ்சி இரண்டு மூன்று குழாய்களோடு நிறுத்திவிடுகிறார்கள். நார்த் லைட் கூரைக்கு ஒழுகும் கூரை என்ற கெட்ட பெயர் வந்ததில் பெரும்பங்கு இதற்கு உண்டு.

இதைவிட நல்ல வழி, உள்ளே குழாயே வைக்காமல், கட்டரின் நடுவை மேடாக்கி, இருபுறமும் 200-க்கு 1 என்ற வாட்டத்தில் கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும் வெளியே தண்ணீரைக் கொண்டுபோவது. ஒவ்வொரு பக்கமும் 30 மீட்டர் ஓட்டத்துக்கு 15 செ.மீ. இறக்கம் வேண்டும். கட்டர் 45 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் இருந்தால், நொடிக்கு 12.5 லிட்டர் ஓடும்போது நீர்மட்டம் 10 செ.மீ. அளவில்தான் நிற்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கட்டரின் முனையை மூடி அடியில் துளையிட்டுக் குழாய் பொருத்தாமல், முழு அகலத்துக்கும் திறந்துவிட்டு, சுவருக்கு வெளியே தொங்கும் பெட்டியில் தண்ணீர் தானாக விழச் செய்ய வேண்டும். பெட்டியிலிருந்து இறங்கும் குழாய் அடைத்தாலும் பெட்டிதான் வெளியே வழியும். தண்ணீர் கூடத்துக்குத் திரும்பாது.

60 மீட்டர் நீளமுள்ள எஃகுக் கட்டர் 40 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 29 மி.மீ. நீளும் என்பதையும் மறக்க வேண்டாம். நடு மேட்டில் விரிவு இணைப்பு வைத்துவிட்டால், அது தண்ணீர் தேங்காத இடத்திலேயே அமைந்துவிடும். உங்கள் பழைய ஷெட்டின் ஒழுகலுக்கும் காரணம் இதை ஒத்ததாகவே இருக்கக்கூடும். பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக் எஃகைவிட ஐந்தாறு மடங்கு கூடுதலாக விரிவதால், 3 மீட்டர் ஷீட் ஒரே நாளில் பல மி.மீ. நீண்டு சுருங்குகிறது, ஸ்க்ரூவை இறுக்கிப் பூட்டியிருந்தால் துளை கிழிந்து வாஷர் விலகிவிடும். அந்த ஷீட்டுகளுக்குத் துளையைப் பெரிதாகப் போட்டு அகலமான வாஷர் வைக்க வேண்டும். ஸ்க்ரூவை ஷீட்டின் பள்ளத்தில் அடிக்காமல் மேட்டில் அடிக்க வேண்டும்.

மறுமொழி: கட்டடக்கலைஞர், கோயம்புத்தூர்

ஈரோட்டு நண்பர் சொன்ன முனைத் திறப்பு முறையை முழுமனத்தோடு வழிமொழிகிறேன். முகட்டு ஒளிமாடத்தைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 18 மீட்டர் அகலக் கூடத்துக்கு அது போதும். 36 மீட்டர் அகலத்தில், தரையிலிருந்து 7 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரே ஒளிமாடம் நடுவில் பன்னிரண்டு, பதினான்கு மீட்டர் வரைதான் நன்றாக ஒளி தரும். பக்கச் சன்னல் தன் உயரத்தைப் போல் இரண்டு இரண்டரை மடங்கு தூரம் வரைதான் உள்ளே எட்டும். இரண்டுக்கும் இடையே இருபுறமும் ஒரு மங்கல் பட்டை நீளவாக்கில் எஞ்சிவிடும். அங்கே அமர்பவர்களுக்கு இப்போதைய ஷெட்டின் நிலைதான் தொடரும். செக்கிங் மேசைகளை விரும்பிய இடத்தில் மாற்றிப் போடும் வசதி உங்களுக்கு வேண்டுமென்றால், சீரான ஒளிக்காக மூன்று நடுக் கட்டர்களின் பொறுப்பை ஏற்பது தகும் என்றே கருதுகிறேன்.

மறுமொழி: பராமரிப்பு மேலாளர், பல்லடம்

நான் இரண்டு வகைக் கூரைகளையும் பராமரிக்கிறேன். வரைபடத்தில் இடம்பெறாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: பின்னலாடைக் கூடத்தில் பஞ்சுத் தூசி உண்டு. எக்ஸாஸ்ட் மின்விசிறிகள் அதை வெளியே தள்ள, அது கூரையில் படிந்து, முதல் மழையில் கட்டருக்கு வந்து, வேப்பிலைச் சருகோடு சேர்ந்து கெட்டியாகிவிடுகிறது. மின்விசிறிகளின் வாய் கட்டரின் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்துக்கு முன்னர் மே மாதத்திலும், வடகிழக்குப் பருவத்துக்கு முன்னர் செப்டம்பரிலும் கட்டரை அள்ளிச் சுத்தம் செய்வதோடு, பருவ காலத்தில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒருவர் மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

அப்படிப் போகிறவரின் உயிரைப் பற்றியும் இப்போதே முடிவெடுங்கள். வெயிலில் நாட்பட்டு நைந்துபோன ஒளி ஷீட்டைத் தகரம் என்று எண்ணிக் கால் வைத்துக் கீழே விழுவது கூரைப் பணியில் தொடர்ந்து நேரும் கொடுமை. நார்த் லைட் கூரையில் ஒளித்தகடு செங்குத்தாக நிற்பதால் யாரும் அதை மிதிக்க நேராது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதை விரும்புகிறேன். இருந்தாலும் கட்டரை ஒட்டி நடைபாதைத் தகடும், இடுப்புப் பட்டையை மாட்டிக்கொள்ள நீளக் கம்பியும், கூரைக்கு ஏற நிலையான ஏணியும் முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். ஒளி புகும் கண்ணாடிகளை உள்ளும் புறமும் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 17 ஆம் பிரிவே கூறியிருந்தது. ஏறுவதற்கு வழியில்லாத கூரையில் அதை யாராலும் செய்ய முடியாது.

கேள்வி கேட்டவர்: அவிநாசியிலிருந்து

அனைவருக்கும் மிக்க நன்றி. எங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இதைப் படித்துக் காட்டினேன். முனைத் திறப்புக் கட்டரைப் பற்றிக் கேட்டபின் அவர்களின் தயக்கம் பெரிதும் குறைந்திருக்கிறது. இன்னும் ஓர் ஐயம். கூரை முழுவதும் சூரிய மின்தகடுகள் பதிக்க எண்ணியிருக்கிறோம். பற்களின் நிழல் அவற்றின் மீது விழாதா? மழைநீரை அயர்னிங் பாய்லருக்குச் சேமிக்கவும் விரும்புகிறோம்.

மறுமொழி: கட்டடக்கலைஞர், கோயம்புத்தூர்

பற்களின் முதுகு 11 பாகையில் தெற்கு நோக்கிச் சரிவதால், மின்தகடுகளுக்குத் தனியாகச் சாய்வுச் சட்டம் வேண்டியதில்லை. நம் அட்சரேகைக்கு அதுவே ஏற்ற சாய்வு. நிழல் மார்கழியில் விழும். டிசம்பர் 21 அன்று நண்பகலில் சூரியன் தெற்கே 55 பாகை உயரத்தில்தான் இருக்கும்; காலை ஒன்பது மணிக்கு 34 பாகை. தெற்கே நிற்கும் அடுத்த பல்லின் உயரத்தையும் அதன் 60 செ.மீ. நீட்டலையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒன்பது மணிக்குக் கட்டரிலிருந்து ஏறத்தாழ 1.9 மீட்டர் வரை நிழல் ஏறுகிறது. எனவே ஒவ்வொரு சரிவிலும் கீழ் 2 மீட்டரை வெறுமையாக விட்டு, மேலுள்ள 7 மீட்டரில் மட்டும் தகடுகளைப் பதியுங்கள். பல்லடத்து நண்பர் கேட்ட நடைபாதைக்கும் அந்த இடமே பொருந்தும். கண்ணாடிக்கு நேர் எதிரே இருக்கும் அந்தப் பட்டைக்கு வெண்ணிற ஷீட் போட்டால், அதில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் கூடத்துக்குள் வரும். தகடுகளின் எடையை டிரஸ் (கூரையைத் தாங்கும் சட்டகம்) வடிவமைப்பாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பின்னால் ஏற்றினால் பர்லின் (கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) தொய்ந்து, கட்டருக்கு வகுத்த வாட்டம் குலைந்துவிடும்.

சேமிப்பைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு 600 மி.மீ. மழை என்று கொண்டாலும் இந்தக் கூரையில் 13 லட்சம் லிட்டர் விழுகிறது. உப்பு ஏறிய ஆழ்துளைக் கிணற்று நீரைவிடப் பாய்லருக்கு இது எவ்வளவோ மேல். கிழக்கு, மேற்குப் பெட்டிகளுக்குக் கீழே பஞ்சும் தூசியும் படிவதற்கு ஒரு சிறு தொட்டியும், முதல் மழையை வெளியே திருப்பிவிட ஒரு வால்வும் வைத்து, அதன்பிறகு நிலத்தடித் தொட்டிக்கு விடுங்கள். தொட்டி நிறைந்தபின் மிகும் நீர் போக வேண்டிய வழியைத் தெரு வடிகாலின் மட்டத்தை அளந்த பிறகே முடிவு செய்யுங்கள். தெரு மட்டம் உயர்ந்திருந்தால் கூடத்தின் தரையை அதற்கேற்ப உயர்த்துவது அடித்தளம் போடும் முன் மட்டுமே முடியும்.